சத்தம் போடாத சனம்

கனடா அக்காவால் எதையும் தனியாகப் பார்க்க முடியாது. கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் போன கிழமை வேறு கடையில் வாங்கிய கத்தரிக்காய் நினைவுக்கு வந்துவிடும். மகள் பரீட்சையில் இருபதுக்குப் பதினாலு எடுத்துக்கொண்டு வந்தால், "அந்தச் சீனப் பெட்டைக்கு எத்தினை?" என்று கேட்பாள். மனிதர் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். ஆள் எப்படி என்று பார்க்கமாட்டாள், ஆள் எந்தச் சனம் என்றுதான் பார்ப்பாள். பிறகு அந்தச் சனத்தை இன்னொரு சனத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, யார் மேலே யார் கீழே என்று தீர்ப்புச் சொல்லாமல் அவளுக்குத் தேத்தண்ணி இறங்காது.

பாரிஸில் எங்கள் தமிழ்ச் சனம் கூடுகிற லா ஷப்பலில் இந்த வியாதிக்குப் பஞ்சமில்லை. ரூ லூயி-பிளாங் தெருக் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். அரபுக்காரர் அப்படி, ஆபிரிக்கர் இப்படி, நேற்று வந்த பங்களாதேஷ்காரர் அதற்குள் கடை போட்டுவிட்டார்கள் என்று காது புளிக்கும். ஆனால் கனடா அக்காவிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு சனம் இருந்தது. கனடாவின் ஆதிக்குடிகளான இரொக்குவா.

"இரொக்குவாச் சனத்தை நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான் பிள்ளை" என்று அவள் தொடங்கினால் நான் கைவேலையைக் கீழே வைத்துவிடுவேன். அது முடிய நேரமாகும்.

பாரிஸுக்குக் கலியாணம் கட்டி வருவதற்கு முன் அவள் மொன்றியலில் இருந்தவள். அதனால்தான் அந்தப் பட்டம். இங்குள்ள சனமெல்லாம் கனடாவுக்குப் போகத் தலைகீழாய் நிற்க, அங்கிருந்து இங்கே வந்த ஒரே தமிழிச்சி நீங்கள்தான் என்று நான் பகிடி பண்ணுவேன். "என்ர தலையெழுத்து" என்று புருஷனைப் பார்ப்பாள். நான் அண்ணை என்று கூப்பிடுகிற அந்த மனுசன் சிரிப்பார். அவள் பேசுகிற பிரெஞ்சும் மொன்றியல் பிரெஞ்சு. பாண் கடைக்காரி வாய்க்குள் சிரிப்பாள். "உவைக்கு என்ன தெரியும், அங்கை இப்பிடித்தான் கதைக்கிறது" என்று நீட்டுப் பாண்ரொட்டியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நிமிர்ந்து வருவாள் அக்கா. எனக்கு அவளை நன்றாகப் பிடிக்கும். கோபம் வந்த நாளிலும் பிடித்தது.

ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு பழைய கட்டிடம். மூன்றாம் மாடியில் அவளும் அண்ணையும் மகளும். அவர்களுக்கு மேலே நான். கீழே இரண்டாம் மாடியில் மாலி நாட்டு ஃபாத்துவும் புருஷனும் ஒரு பட்டாளம் பிள்ளைகளும். கட்டிடத்தில் தமிழ்க் குடும்பம் நாலு, மீதி பெரும்பாலும் மாலி, செனெகல் சனம். சுவர் வியர்க்கும், குழாய் அழும், படியில் விளக்கு எரியாது. ஆனாலும் அக்காவுக்கு அந்த வீடு பொன். அண்ணை ஒரு ரெஸ்டோரண்டில் சமையல்காரராக இருந்தவர், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கிழமையில் மூன்று தரம் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரத்தில். களைத்துப்போய் வருகிற மனுசன் வந்த கையோடு சொந்தக் கட்டிலில் சாய்ந்துவிடலாம். அந்த வீட்டில் அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

இரொக்குவாக் கதைக்கு வருகிறேன். மொன்றியலில் ஓத்தெல்களின், அதாவது தங்கும் விடுதிகளின், துணி தோய்க்கும் தொழிற்சாலை ஒன்றில் அக்கா வேலை செய்திருக்கிறாள். அவளோடு சேர்ந்து படுக்கை விரிப்பு மடித்தவள், ஆற்றுக்கு அக்கரையில் ஆதிக்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்திலிருந்து வந்தவள். இரொக்குவா என்பது பிறத்தியார் வைத்த பெயர், எங்கள் பாஷையில் எங்களுக்கு வேறு பெயர் இருக்கிறது என்று பல தரம் சொல்லிக் கொடுத்தாளாம். அது அக்காவின் நாக்கில் நிற்கவில்லை. விரிப்பின் இரண்டு மூலையை அவள் பிடிக்க, இரண்டு மூலையை இவள் பிடிக்க, வருஷக்கணக்காய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். அக்காவின் ஆராய்ச்சியெல்லாம் அங்கே செய்ததுதான்.

"அவையளுக்கு நிலம் இருக்கு" என்பாள். "ஆனா அந்த நிலத்தை ஈடு வைச்சு பாங்கிலை கடன் எடுக்கேலாது, சட்டம் விடாது. கூரை பழுதெண்டா கைக்காசுதான். ஆம்பிளையளுக்கு இரும்பு வேலை. நியூயோர்க்கிலை வானத்தை முட்டக் கட்டுறாங்களே, அந்த இரும்பிலை ஏறி நடக்கிறது இவையள்தான். ஞாயிறு பின்னேரம் கார் எடுத்துப் போனா வெள்ளிதான் வீடு. மற்றவனுக்கு மாளிகை கட்டிக் குடுக்கிறது, தன்ர வீடு ஒழுகுது."

"அப்ப ஆபிரிக்கன் சனம்?" என்று நான் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

"இவையளுக்கு நிலமும் இல்லை, கடனும் இல்லை. வேலை மட்டும் இருக்கு. குப்பை அள்ளுறது, சீமெந்து குழைக்கிறது, ஓத்தெல் துப்பரவு. உழைக்கிற சனம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா என்ன செய்யினம்? ஒரு அறைக்கை ஆறு பேர் படுத்துக்கொண்டு, காசைச் சேத்து ஊரிலை தண்ணித்தாங்கி கட்டுகினம், பள்ளிக்கூடம் கட்டுகினம். ஒருத்தனுக்கு வருத்தமெண்டா முழு ஊரும் வந்து நிக்குது. இப்பிடி ஆளுக்காள் இழுபட்டா எப்ப முன்னேறுறது?"

"எங்கடை தண்ணித்தாங்கி எங்கை அக்கா?"

"எங்களுக்கு ஏனடி தண்ணித்தாங்கி? ஊரிலை கிணறு இருக்கு." சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு சிரிப்பை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது சனத்துக்கு வருவாள். "எங்களிட்டை இருக்கிறது நல்ல பேர். எந்த வெள்ளையனையும் கேட்டுப்பார், ஸ்ரீலங்கன் சனம் எப்பிடியெண்டு. அமைதி, பொறுமை, சத்தம் போடாத சனம் எண்டுதான் சொல்லுவான். அது பெரிய கைமுதல், பிள்ளை."

"நல்ல பேரைக் குடுத்துப் பாண் வாங்கலாமோ?"

"வாங்கலாம். சில்லறையும் குடுக்கோணும்."

இப்படிப் பகிடியாகத்தான் போகும். ஆனால் ஒரு கதையை மட்டும் அவள் பகிடி இல்லாமல் சொல்வாள். விரிப்பு மடித்துக்கொண்டு நிற்கும்போது, கனடா எனக்கு இடம் தந்தது, சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். மனதாரத்தான் சொன்னாள். அந்தப் பெண் மடிப்பை நிறுத்தாமல், "தந்த இடம் அவர்களுடையது இல்லையே" என்றாளாம். அவ்வளவுதான். இதை அக்கா என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் அன்றைக்குத்தான் அடிபட்டவள் போல முகம் சுருங்கும். "நன்றியெண்டு ஒண்டு இருக்கெல்லே? நான் நல்லதுதானே சொன்னனான்?" என்று என்னைக் கேட்பாள்.

அக்காவின் சொந்தக் காணி யாழ்ப்பாணத்தில் பலாலிப் பக்கம். ஆமி முகாமுக்குள் போன காணி, இன்னும் விடவில்லை. தமையன் வேலிக்கு வெளியே நின்று எடுத்த படம் ஒன்று அவளுடைய போனில் இருந்தது. படத்தில் முள்ளுக்கம்பியும் பற்றையும்தான் தெரிந்தன. அதைக் காட்டியபோது நான் வாய் சும்மா இருக்காமல், "அப்ப நீங்களும் இரொக்குவாதானே அக்கா, நிலம் இருக்கு, பிரயோசனம் இல்லை" என்று சொல்லிவிட்டேன். போனை அணைத்தாள். "விசர்க் கதை கதையாதை" என்றாள். எந்தச் சனத்தையும் எந்தச் சனத்தோடும் வைத்துப் பார்க்கிறவளுக்கு இது மட்டும் பொறுக்கவில்லை. கொஞ்ச நாள் படியில் கண்டாலும் காணாதவள் போலப் போனாள்.

ஃபாத்துவோடு அவளுக்குச் சிநேகம் இருந்தது, ஆனால் வெளியே ஒப்புக்கொள்ளமாட்டாள். அண்ணை ஒருமுறை படியில் மயங்கி விழுந்தபோது ஃபாத்துவின் புருஷன்தான் அவரைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்தினான். கீழேயிருந்து நிலக்கடலைக் குழம்பு வரும், மேலேயிருந்து இடியப்பம் போகும். "ஃபாத்து நல்ல மனுசி. அவையளுக்குள்ளை அவ ஒரு வித்தியாசம்" என்பாள் அக்கா. அவளுக்கு நேரில் தெரிந்த ஆபிரிக்கர் எல்லோருமே வித்தியாசமானவர்கள்தான். தெரியாதவர்கள்தான் சனம்.

பிறகு ஒரு மாரிகாலத்துக் காலையில், ஃபாத்து வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் இடையில் மாடிப்படி ஒரு பக்கமாய் அமிழ்ந்து இறங்கிவிட்டது. ஆள் விழவில்லை, கடவுள் காப்பாற்றினார். நகராட்சி ஆட்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். கட்டிடம் ஆபத்து, எல்லோரும் வெளியேற வேண்டும் என்றார்கள். முதலில் ஓத்தெல் அறை, வீடு பிறகு. அந்தப் "பிறகு" எப்போது வரும் என்று கேட்டதற்கு அவர்கள் தோளைக் குலுக்கினார்கள்.

அன்று பின்னேரமே மாலிச் சனம் முற்றத்தில் கூடிவிட்டது. கூட்டம் முடிந்து ஃபாத்து இடுப்பில் பிள்ளையோடு, சாய்ந்த படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தாள். நானும் அப்போது அக்காவின் குசினியில் இருந்தேன். அவள் வந்த விஷயத்தை நேரே சொன்னாள். "ஓத்தெலுக்கு ஒருவரும் போகவேண்டாம். தனித்தனியாகப் போனால் எங்களை மறந்துவிடுவார்கள். வீடு தரும்வரை இந்தக் கட்டிட வாசலில் இருப்போம். நீங்கள் நாலு குடும்பமும் வாருங்கள். உன் புருஷனுடைய வருத்தத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துக் கேட்போம். அவருக்கு ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வீடு தராமல் நாங்கள் எழும்பமாட்டோம்."

அக்கா அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"பாத்தியே? எங்கடை மனுசன்ர வருத்தத்தைக் காட்டித் தங்களுக்கு வீடு எடுக்கப் பாக்கினம்."

"கோதாரி! அக்கா, அவை உங்களுக்கும் சேத்துத்தானே கேக்கினம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"அவையளோடை போய்த் தெருவிலை குந்தினா எங்களையும் அவையளெண்டுதான் நினைப்பினம். இவ்வளவு காலம் காத்த பேர் ஒரு நாளிலை போயிடும். சத்தம் போடாத ஆக்களுக்குத்தான் முதல் குடுப்பினம், நீ இருந்து பார்."

உள்ளே கட்டிலில் அண்ணை இருமினார். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அக்கா நாலு குடும்பத்தையும் திரட்டினாள். ஆண்கள் கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்டு மினுக்கிய சேர்ட். பெண்கள் சேலை. அக்கா விடியவே எழும்பி ரோல்ஸும் வடையும் பொரித்து, பெரிய தட்டில் அடுக்கி வெள்ளித்தாளால் மூடி எடுத்துக்கொண்டாள். வீடு கேட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் பலகாரத்தோடு போகிற சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும். எங்களுக்குக் கந்தோர் என்றால் வெறுங்கையோடு போக மனம் வராது. கீழே முற்றத்தில் மாலிப் பெண்கள் மெத்தைகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வரிசையாக அவர்களைக் கடந்து போனோம். ஃபாத்து தட்டைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அலுவலகத்தில் இருந்தவன் இளம் பொடியன், நல்ல முகம். அக்கா தன் மொன்றியல் பிரெஞ்சில் பாடமாக்கி வைத்ததைச் சொன்னாள். நாங்கள் வாடகை தவறாத ஆட்கள். இரண்டு பிள்ளைக்கு மேல் இல்லை. சண்டை சச்சரவு இல்லை. கீழே நடக்கிற கூட்டத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் புருஷன் நோயாளி, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீடு தந்தால் நல்லது, அவசரமில்லை. கடைசியில் சொன்ன அந்த "அவசரமில்லை" எனக்கு நெஞ்சில் இடித்தது. அது மரியாதைக்குச் சொன்னது. எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் அவசரம் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். எல்லோரும் உங்களைப் போல இருந்தால் என் வேலை எவ்வளவு சுலபம் என்று அவன் சிரித்தான். திரும்பும் வழி முழுக்க அக்கா அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். "கேட்டியெல்லே? எல்லாரும் எங்களைப் போல இருந்தா எண்டு சொன்னான்."

சொன்ன நாளில் நாங்கள் வெளியேறினோம். எனக்குப் பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் தமையன் வீடு இருந்தது, அங்கே போய்விட்டேன். அக்கா குடும்பத்தை விமான நிலையத்துக்குப் போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஓத்தெலில் போட்டார்கள். ஒரு அறை, மூன்று கட்டில், சமைக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்கு வர பஸ், அதற்குப் பிறகு ரயில், பிறகு நடை. நோயாளியை ஏற்றுகிற வண்டி சில நாள் வரும், சில நாள் வராது.

ஃபாத்துவின் சனம் தெருவில் இருந்தது. மழையில் நனைந்தது. சட்டிகளைத் தட்டிக் கத்தியது. பொலிஸ் இழுத்து எறிந்தது, திரும்பி வந்து இருந்தது. ஃபாத்துவின் சின்ன மகனுக்கு மார்ச்சளி பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவர்களுக்கு ஒன்றும் சும்மா கிடைக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஆனால் கிடைத்தது. ஒவ்வொரு குடும்பமாக வீடு கொடுத்தார்கள். ஃபாத்துவுக்குப் பத்தொன்பதாம் வட்டாரத்தில் மூன்று அறை.

அவள் அக்காவுக்குப் போன் எடுத்தாள். பழசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டயாலிசிஸ் நாளில் அவர் என் வீட்டில் படுக்கட்டும், இங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தானே" என்றாள். அண்ணைக்கு அது கேட்டிருக்கிறது. வாயே திறக்காத மனுசன், "போவம்" என்றாராம். அக்கா மறுத்துவிட்டாள். "எந்த முகத்தோடை போறது பிள்ளை?" என்று என்னிடம் அழுதாள். "உங்கடை முகத்தை விடுங்கோ, அந்த மனுசன்ர உடம்பைப் பாருங்கோ" என்று நான் சத்தம் போட்டேன். பலனில்லை. அலைச்சல் தாங்காமல் அண்ணை சில நாள் போகாமல் விடத் தொடங்கினார். "இண்டைக்கு விடு, ஏலாது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

ஒளித்து வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அண்ணை அந்த ஓத்தெலில் இருந்தபடியேதான் போய்ச் சேர்ந்தார். வீடு அதற்குப் பிறகு வந்தது. ஆனால் அக்காவை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது செத்தவீடு அல்ல. அதற்குக் கொஞ்சம் முன்பு, அண்ணை இன்னும் எழும்பி நடக்கக்கூடியவராக இருந்தபோது, நாங்கள் இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போன காலை.

அன்றைக்குக் கையில் பலகாரத் தட்டு இல்லை. ரயிலில் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஃபாத்து போனில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், மேசையில் அடி, கத்து, நீ கத்தாவிட்டால் உனக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பார்கள் என்று. "இண்டைக்குக் கத்தத்தான் போறன்" என்றாள் அக்கா. "நீ என்னைப் பிடிச்சு இருத்தாதை." அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கத்துங்கோ, கூரை பறக்கக் கத்துங்கோ என்றேன்.

அதே பொடியன். எங்களைக் கண்டு முகம் மலர்ந்தான். கணினியைப் பார்த்தான். உங்கள் விஷயம் ஒழுங்காக இருக்கிறது, முறை வரும், மிகவும் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு முதலில் கொடுக்கவேண்டியிருக்கிறது என்றான். பிறகு அன்பாக, மெய்யாகவே அன்பாகத்தான், "உங்கள் சமூகம் ஒருவருக்கொருவர் உதவிச் சமாளித்துக்கொள்ளும், எங்களுக்குத் தெரியும். மற்றவர்களைப் போல இல்லை" என்றான்.

அக்கா எழும்பினாள். இரண்டு கையையும் மேசையில் ஊன்றினாள். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

"சில் வூ ப்ளே, மிஸ்யூ" என்றாள். தயவுசெய்து ஐயா. அடுத்த மேசைக்குக் கூடக் கேட்டிருக்காது.

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. நான் கத்தினேன். அவர் செத்தால்தான் வீடு தருவீர்களா, ஒரு மனுசனை பஸ்ஸிலும் ரயிலிலும் இழுத்து இழுத்துக் கொல்கிறீர்களே என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் போட்டுக் கத்தினேன். மேசையில் அடித்தேன். வரிசையில் இருந்த சனம் எட்டிப் பார்த்தது. பொடியனின் முகம் மாறியது. முதல் தடவையாக அவன் அந்தத் திரையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தான்.

அப்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் குளிர்ந்து போயிருந்தன, பிடி இரும்பாக இருந்தது. என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துவிட்டு, அவனைப் பார்த்து, தன் திருத்தமான அமைதியான பிரெஞ்சில் சொன்னாள்.

"மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா. இவள் எங்கள் சனம் இல்லை."